ஒருத்தரும் இல்லாத ஒழுங்கை

மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் இருமப் பார்த்துவிட்டு, அதற்கும் வழியில்லாமல் நின்றுபோனது.

கிறகோரி நம்பவில்லை. தாங்கியின் கடைசி இருப்பான றிசேவுக்குத் திருப்பி மூன்று நாளாகியும் அது ஓடிக்கொண்டிருந்ததால், றிசேவுக்குக் கீழே இன்னொரு றிசேவ் இருக்கிறதென்று அவருக்குள் ஒரு விசுவாசம் வளர்ந்திருந்தது. தாங்கியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார். இருட்டும் மணமும் மட்டும் இருந்தன.

நேரம் பன்னிரண்டே முக்கால். காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிற காணிக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர்.

சரியாக இரண்டு மணிக்கு அளவைக்காரர் வருவார் என்று கடிதத்தில் போட்டிருந்தது. உரிமையாளரோ அவருடைய ஆளோ காணி உறுதிப் பத்திரத்தோடு உள்ளே நின்று நான்கு எல்லையையும் காட்டவேண்டும். நிற்காவிட்டால் காணி ‘உரிமை கோரப்படாதது’ என்ற பட்டியலில் ஏறிவிடும். ஏறியதை இறக்க எத்தனை வருடம் எத்தனை கந்தோர்ப் படி ஏறவேண்டும் என்பதை மட்டும் போடவில்லை.

நாலு பரப்பு. மனைவி அற்புதராணியின் சீதனம். கலியாணம் கட்டி ஏழே மாதத்தில், தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தில் அதை விட்டு ஓடி வந்தவர்கள். அன்றிலிருந்து உடுவிலில் வாடகை வீடு மாற்றி வாடகை வீடு. வீட்டுக்காரர் ஏசுவார் என்று அற்புதராணி இத்தனை வருடத்தில் ஒரு சுவரிலும் ஒரு ஆணி அடித்ததில்லை. திருஇருதயப் படம் இன்றைக்கும் சுவரில் ஏறாமல் ஒரு கதிரையின் முதுகில்தான் சாய்ந்திருக்கிறது.

அவளுக்கு முழங்காலில் வீக்கம், வர முடியாது. ஆனால் ஆளைத் தயார்படுத்தி அனுப்பியது அவள்தான். “அதிகாரியளுக்கு முன்னாலை ஏழை மாதிரி நிண்டால் எல்லையையும் குறைச்சுப்போடுவினம்” என்று நீலச் சேட்டைக் காற்சட்டைக்குள் விடவைத்து, பெல்ட் கட்டி, தன் தம்பியின் கறுப்புச் சப்பாத்தை மாட்டி, கையில் ஒரு தோல் பைலையும் கொடுத்திருந்தாள். “இப்பத்தான் ஒரு உத்தியோகத்தர் மாதிரி இருக்கிறியள்” என்றும் சொன்னாள். அப்படி அவள் சொன்னது அதுவே முதல் தடவை.

பெற்றோலுக்கென்று எழுநூறு ரூபாவும் தந்தாள். உறுதி பத்தொன்பது பக்கம். அதை மூன்று பிரதி எடுத்ததில் பாதிக்கு மேல் போனது. பிரதி எடுக்கும் கடைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது யாருடைய குற்றமும் இல்லை. அங்கே ரோல்ஸ் அப்போதுதான் பொரித்து இறக்கினார்கள். மிஞ்சியது தொண்ணூறு ரூபா. தொண்ணூறு ரூபாவுக்குப் பெற்றோல் கேட்க அந்தச் சப்பாத்துப் போட்ட மனிதருக்கு வெட்கமாக இருந்தது. பெற்றோல் ஷெட்டைப் பார்க்காததுபோல் கடந்து வந்துவிட்டார்.

இப்போது வெட்கத்தை வைத்து என்ன செய்வது? மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் சரித்து, தெருவில் படுக்கப்போட்டு, தாங்கியைத் தட்டினார். மூலையில் ஒட்டிக் கிடந்த கடைசித் துளிகள் இறங்கின. நிமிர்த்தி உதைத்தார். பிடித்துக்கொண்டது!

எவ்வளவு தூரத்துக்கு என்று தெரியாது. நேர் வீதியால் போனால் மூன்று கிலோமீற்றர். குறுக்கு ஒழுங்கையால் போனால் ஒன்றரை. கிறகோரி கணக்குப் பார்த்து ஒழுங்கைக்குள் திருப்பினார். முந்நூறு மீற்றரில் அது நின்றது. இனிப் படுக்கப்போட்டாலும் குப்புறப் போட்டாலும் எழும்பாது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. வீதியில் நின்றிருந்தால் மறிக்க ஒரு ஓட்டோவாவது வந்திருக்கும். இங்கே ஒரு காகம்கூடப் போகவில்லை.

உச்சி வெயில். இரு பக்கமும் கூரையில்லாத பழைய வீடுகள். அறைகளுக்குள் வேம்பு வளர்ந்து யன்னலால் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. இடையிடையே சின்னச் சின்னப் புதுவீடுகள். காற்று இல்லை. கடல் கிட்டத்தான், அதன் சத்தமும் இல்லை.

எங்கேயோ தகரத்தில் யாரோ தட்டினார்கள். டங், டங், டங். மூன்றே தரம். பிறகு அதுவும் இல்லை.

முதல் வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். முற்றத்து அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே ரேடியோ பாடியது. கிறகோரிக்கு உயிர் வந்தது. பைலைக் கக்கத்தில் வைத்து, குரலைச் செருமி, உடுப்புக்கேற்ற தோரணையில் கூப்பிட்டார்.

“வீட்டுக்காரர்! ஒரு மோட்டச்சைக்கிள் விசயமா வந்தனான்!”

பாட்டு நடு வரியில் நின்றது.

“வீட்டுக்காரர்!”

திறந்திருந்த யன்னல் மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது. சோறு மட்டும் கொதித்தது. அள்ளி வடிக்க ஆளில்லாமல் ஒரு பானை கொதிப்பதைக் கிறகோரி முன்பு பார்த்ததில்லை. அடி பிடிக்கப்போகிறதே என்ற கவலை ஒருபுறம், பயம் ஒருபுறம். இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டு நடந்தார்.

மறுபடி தகரம். டங், டங், டங். இந்தமுறை அவருக்கு முன்னால், அடுத்த வளவில்.

அடுத்த வீட்டுக் கொடியில் உடுப்பு ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. முற்றத்து மணலில் புத்தம் புதிதாக ரயர் அடையாளம், பக்கத்தில் எண்ணெய்த் துளிகள். முருங்கைக் கிளையில் ஒரு ஹெல்மெற் தொங்கி ஆடியது. மோட்டார் சைக்கிள் மட்டும் இல்லை. கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்காரர், உங்கடை மோட்டச்சைக்கிள் நிக்குதோ?”

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், மிக மெதுவாக வந்தது. “இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

“அப்ப கதைக்கிறது ஆர்?”

குரல் யோசித்தது. “ஒருத்தரும் இல்லை.”

கிறகோரி கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டார். “அம்மா, நான் கரைச்சல் குடுக்க வரேல்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போயிடுவன்.”

“எடுக்கிறதுக்கு இஞ்சை என்ன கிடக்கு? எல்லாம் போயிட்டுது.”

“ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?”

“இருந்தவை. இப்ப இல்லை.”

“எப்ப போனவை?”

“இப்பத்தான்” என்றது குரல். உடனே, “கன காலம்” என்று திருத்திக்கொண்டது.

கிறகோரி பின்பக்கமாகவே நடந்து படலைக்கு வந்தார். பொக்கெற்றில் போன் அடித்தது. ஒரு முழம் துள்ளி விழுந்த பிறகுதான் அது போன் என்று விளங்கியது.

“எங்கை நிக்கிறியள்?” அற்புதராணி.

“கிட்ட வந்திட்டன்.”

“மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்கேல்லை?”

“நிப்பாட்டிப்போட்டுத்தானே கதைக்கிறன்.”

“பெற்றோல் அடிச்சனியளோ?”

“இஞ்சரப்பா, இந்தக் குறுக்கு ஒழுங்கையிலை இருக்கிற ஆக்கள் ஆர்?”

“எது, சங்கக்கடை ஒழுங்கையோ? அதுக்குள்ளை ஏன் போனியள்? அங்கை ஒருத்தரும் திரும்பி வரேல்லை. இருந்தவை முழுக்கக் கனடாவிலை, மிச்சப்பேர் சேமக்காலைக் குழியிலை.”

“இல்லையப்பா. சோறு வேகுது.”

“ஆர் காய்ச்சினம்?”

“ஆளில்லை. சோறு மட்டும் வேகுது. பக்கத்து வீட்டிலை ஒரு மனிசி கதைச்சவ.”

“என்ன சொன்னவ?”

“தான் இல்லையெண்டு சொன்னவ.”

மறுபக்கத்தில் வளையல் நான்கு தரம் கிலுங்கியது. அற்புதராணி சிலுவை போடுகிறாள் என்று கிறகோரிக்குத் தெரிந்தது.

“செபமாலை கழுத்திலை கிடக்கோ?”

“கிடக்கு. திரும்பி வரட்டோ?”

“என்ன கதை கதைக்கிறியள்! திரும்பிப் பாராமல் காணிக்கு ஓடுங்கோ. பேய் பிடிச்சால் தண்ணி ஓதித் தெளிக்கலாம். காணி போனால் என்னத்தைத் தெளிக்கிறது?”

அவளோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் கிறகோரி ஒரு விசயத்தை அறிந்திருந்தார். பேயா அற்புதராணியா என்று வந்தால் பேயோடு கதைத்துப் பார்க்கலாம்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினார். மூன்றாவது வளவில் ஒரு நாய் வேலியோரம் நின்றது. வாலை ஆட்டியது, குரைக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். நாயின் வாயை வேலிக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு கை பொத்திப் பிடித்திருந்தது.

கைக்குப் பின்னால் ஆள் தெரியவில்லை. கிறகோரி நின்று விசாரிக்கவும் இல்லை.

ஒழுங்கை முடக்கில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. பலகை திறந்திருந்தது. வாழைக்குலை தொங்கியது. வெற்றிலையில் தெளித்த தண்ணீர்கூடக் காயவில்லை. ஆளில்லை. ஓரத்தில் நாலு போத்தலில் பெற்றோல் நிறத்தில் எண்ணெய் நிரப்பி வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் கிறகோரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“கடைக்காரர்?” என்று மெதுவாகக் கேட்டார். சாமான் அடுக்கின் கீழே என்னவோ சுருண்டு ஒதுங்கியது.

“ஒரு போத்தில் எடுக்கிறன். தொண்ணூறு ரூபா வைக்கிறன். மிச்சத்துக்குத் திரும்பி வருவன்.”

“வராதேங்கோ” என்றது அடுக்கு.

காசைப் பிஸ்கட் ரின்னுக்குக் கீழே வைத்துவிட்டு, போத்தலைத் தாங்கிக்குள் கவிழ்த்தார். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் மணந்து பார்க்கவில்லை. உதைத்தார். மோட்டார் சைக்கிள் உறுமியது, வெள்ளைப் புகையாகக் கக்கியது, அடங்கியது. அப்போதுதான் மூக்குக்கு எட்டியது. மண்ணெண்ணெய்!

இனிப் பெற்றோல் கிடைத்தாலும் பிரயோசனமில்லை. பொக்கெற்றில் ஒரு சதமும் இல்லை. நேரம் ஒன்று முப்பத்தைந்து. கிறகோரி தள்ளினார். மச்சானின் சப்பாத்து குதிக்காலைத் தின்றது. நீலச் சேட்டு முதுகில் ஒட்டியது.

வேலிக்கு மறுபக்கம் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் இல்லை, பத்துப் பதினைந்து பேர். சருகு நெரிந்தது. அவர் நின்றால் அது நின்றது. நடந்தால் நடந்தது. ஓடினார். அதுவும் ஓடியது, அவரை முந்திக்கொண்டு. “அந்தோனியாரே, அந்தோனியாரே” என்று சத்தம் போட்டுச் சொன்னார். வேலிக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் அதே வேகத்தில் “பிள்ளையாரே, பிள்ளையாரே” என்றது.

பிள்ளையாரைக் கூப்பிடும் பேயை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அந்த நேரம் அது ஆறுதலாக இல்லை.

காணி வந்தது. இராணுவம் காணிகளை விட்ட புதிதில் ஒருக்கா வந்து வெளியே நின்று பார்த்ததோடு சரி. அப்போது பற்றை மூடி, கால் வைக்க இடமில்லை. இன்றைக்கோ வாசலில் அகலமாக ஒரு பாதை விழுந்திருந்தது. வெட்டியது யார்? உள்ளே போனார். முருகைக்கல் கிணற்றுக்கட்டு அப்படியே நின்றது. கிணற்றைச் சுற்றி, ஆளின் நெஞ்சு உயரத்துக்கு, காவோலைக் குவியல்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. காணிக்குள் நின்றது இரண்டே இரண்டு பனை. இத்தனை ஓலை எங்கிருந்து விழுந்தது?

கிறகோரி அசையாமல் நின்றார். காற்றில்லாத வெயிலில் ஒரு குவியல் ஏறி இறங்கியது. மூச்சு விட்டது.

பக்கத்துக் குவியல் தும்மியது.

“நூறு” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். யாருக்கு நூறு வயது கேட்டோம் என்று பிறகுதான் நினைத்தார்.

நேரம் ஒன்று ஐம்பத்திரண்டு. எட்டு நிமிடம். வாசல் திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். கிறகோரி வாசலைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்திருக்கிற படத்தை நினைத்தார். ஒரு ஆணி அடிக்கச் சுவரில்லாமல் அந்த மனிசி முடியெல்லாம் நரைத்துப்போனாள். அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குவியல்களைப் பார்த்துப் பேசினார்.

“இஞ்சை ஆர் இருந்தாலும் கேளுங்கோ! எனக்கு உங்களோடை ஒரு கோவமும் இல்லை. உங்கடை கஸ்ரம் எனக்கும் விளங்குது. ஆனா எனக்குச் சேரவேண்டியதை எடுக்காமல் நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டன்!”

குவியல்கள் நடுங்கின.

“பொறுத்தது போதும்! பத்திரம் எல்லாம் என்ரை கையிலை கிடக்கு! இரண்டு மணிக்குப் பெரிய ஆக்கள் ஜீப்பிலை வருவினம்! எல்லாத்தையும் எழுதி எடுப்பினம்!”

ஒரு குவியலுக்குள்ளிருந்து விம்மல் கேட்டது. இன்னொன்று “ஐயோ” என்றது. அந்தச் சத்தத்தில் கிறகோரியும் “ஐயோ” என்றார். சிறிது நேரம் இரு பக்கமும் மாறி மாறி “ஐயோ” சொல்லிக்கொண்டிருந்தன.

கிறகோரி கண்ணை இறுக மூடி, செபமாலையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மந்திரம் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னார். ஏதோ ஒன்று அவர் காலடியில் ஊர்ந்து போனது. கண் திறக்கவில்லை. யாரோ மிகக் கிட்ட மூக்கை உறிஞ்சினார்கள். திறக்கவில்லை. தன்னை இழுத்துக் கிணற்றுக்குள் போட்டாலும் கிணறும் காணிக்குள்தானே, நின்றதாகத்தான் கணக்கு என்று நினைத்துக்கொண்டார்.

வாகனச் சத்தம் கேட்டது. ஜீப் வாசலில் நின்று, அளவைக்காரரும், பட்டியலோடு ஒரு பெண்ணும், அளவுச் சங்கிலி தூக்கும் இரண்டு பேரும் இறங்கினார்கள். கிணற்றுக்கட்டில் சிலைபோல நின்ற மனிதரை அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் அட்டை போட்டிருந்தாள்: கீர்த்திகா.

“ஐயா, கீழை இறங்குங்கோ. நீங்கள் ஆர்?”

கிறகோரி கண்ணைத் திறந்தார். பைலை நீட்டினார். அவள் உறுதியைப் புரட்டினாள்.

“அற்புதராணி கிறகோரி. இது அவவின்ரை சீதனக் காணி என்ன? நீங்கள் அவவின்ரை ஆளோ?”

“ஓம் பிள்ளை” என்றார் கிறகோரி. கண்ணீரும் கூடவே வந்தது. “மனிசியின்ரை காணி. எல்லை காட்ட வந்தனான். வழியிலை பெற்றோல் முடிஞ்சுபோச்சு. கையிலை காசும் இல்லை. ஒரு சொட்டுப் பெற்றோல் கேட்டு வீடு வீடாத் திரிஞ்சன் பிள்ளை, ஊரிலை ஒரு மனிசரும் இல்லை.”

அளவைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இரண்டுக்கு இரண்டு நிமிசம் இருக்கு. எழுது பிள்ளை, உரிமையாளர் பக்கம் ஆள் வந்து சமூகம் குடுத்திருக்கு.”

கீர்த்திகா எழுதினாள். கிறகோரி கிணற்றுக்கட்டில் அப்படியே குந்திவிட்டார்.

அப்போது அவருக்குக் கிட்ட இருந்த காவோலைக் குவியல் சரசரவென்று எழும்பியது. தலை முழுக்கச் சருகோடு ஒரு நடுத்தர வயதுப் பெண் நிமிர்ந்து நின்று, மற்றக் குவியல்களைப் பார்த்துக் கத்தினாள்:

“எல்லாரும் வெளியாலை வாங்கோ, இவர் தவணைக் காசு கட்டேல்லையெண்டு மோட்டச்சைக்கிள் பறிக்க வந்த லீசிங்காரர் இல்லையாம், நாங்கள் ஊர்ச் சைக்கிள் இருபத்திமூண்டையும் பெற்றோலோடை ஒளிச்சு வைச்சிருக்கிற காணியின்ரை சொந்தக்காரராம்!”